பெயரில்லாத சேஃப்டி ரேசர்: அடையாளமும் காலக் கணிப்பும்

சேஃப்டி ரேசர் என்பது, அலகின் கூர் முழுவதும் தோலில் படியாதவாறு ஒரு தகட்டின் விளிம்போ சீப்புப்பல் வரிசையோ குறுக்கே நின்று காக்க, கூரின் மிகச் சிறு பகுதி மட்டும் முடியை எட்டும்படி அமைக்கப்பட்ட சவரக் கருவியாகும். வாரில் தீட்டிய மடக்குக் கத்தியைப் பிடிக்கப் பழகிய கை வேண்டும் என்ற நிலையை மாற்றி, வீட்டுக் கண்ணாடி முன் எவரும் தாமே சவரம் செய்துகொள்ளும் வழக்கத்தை இக்கருவியே பரவலாக்கியது. தமிழ்நாட்டு வீடுகளில் இது சோப்புக் கிண்ணம், பிரஷ், சிறு கண்ணாடி ஆகியவற்றோடு சேர்ந்து 'ஷேவிங் செட்' என்றே வழங்கப்பட்டது. உரியவர் மறைந்த பின் பரணில் ஏறி, வீடு மாற்றும்போதோ இடிக்கும்போதோ பழைய பாத்திரங்களோடு காயலான் கடைக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாலான செட்டுகளின் கதி.

அவ்வாறு கிடைக்கும் ரேசர்களில் நிறுவனத்தின் பெயரோ எண்ணோ பொறிக்கப்பட்டவற்றை இனங்காண்பது பெரிய வேலையன்று. கைப்பிடியிலும் தலையிலும் ஓர் எழுத்துகூட இல்லாத கருவிகளே இவ்வத்தியாயத்தின் பொருள். இவற்றுக்கு ஒரே ஓர் ஆண்டைச் சொல்ல முயல்வது வீண். 'இந்த ஆண்டுக்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது' என்ற முன் வரம்பும், 'இந்த ஆண்டுக்குப் பின்பு செய்யப்பட்டிருக்க வாய்ப்பில்லை' என்ற பின் வரம்பும் ஆகிய இரண்டு எல்லைகளை நிறுவி, சான்று கிடைக்கக் கிடைக்க அவற்றை நெருக்கிக்கொண்டு வருவதே முறை. முன் வரம்பை உறுதியாக நிறுவலாம், ஏனெனில் ஒரு பொருளோ உத்தியோ தோன்றுவதற்கு முன் அதனால் ஆன கருவி இருக்க முடியாது. பின் வரம்போ பெரும்பாலும் ஊகமே, ஏனெனில் பழைய அச்சும் பழைய வடிவமும் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் ஏதோ ஒரு பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கக் கூடும். ஒரு கருவியில் பல காலத்துக் கூறுகள் கலந்திருந்தால், அவற்றுள் மிகப் பிந்தியதே முன் வரம்பைத் தீர்மானிக்கும் என்ற விதியை மறக்கலாகாது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து வாசகருக்கு இவ்வேலையில் ஒரு தனி வசதி உண்டு. வேறு ஊர்களில் பழம்பொருள் சேகரிப்போர் படங்களை ஒப்பிட்டே பெயர் சொல்ல முயல்கின்றனர். இங்கோ வெர்னியர், மைக்ரோமீட்டர், பிட்ச் கேஜ் ஆகியவற்றைத் தினமும் கையாள்பவர் தெருவுக்குத் தெரு இருக்கின்றனர். டை காஸ்டிங் எது, கடைசல் எது, பிரஸ்ஸில் அடித்தது எது என்பதைத் தொட்ட மாத்திரத்தில் சொல்லும் டூல் ரூம் தொழிலாளி, ரேசரைப் பற்றி எதுவும் படித்திராவிட்டாலும், பெயரில்லாத கருவியைப் படிப்பதில் பாதி வழியைக் கடந்துவிட்டவராகவே கருதத்தக்கவர். முத்திரையில்லாத ரேசரைப் பழம்பொருளாக அன்றி ஓர் உற்பத்திப் பாகமாகப் பார்ப்பதே இவ்வத்தியாயம் வலியுறுத்தும் அணுகுமுறை.

கிடைத்த இடம்

கிடைத்த இடத்தைக் கொண்டு கருவியின் வரலாற்றை ஊகிக்கும் பழக்கம் பரவலாக இருப்பினும், இவ்வட்டாரத்தில் அதை மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில் வளாகத்தை அமைத்ததும், 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகளும் அதன் பின்னர் டைட்டன் கைக்கடிகார ஆலையும் இங்கே எழுந்ததும், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் முதலிய பகுதிகளிலிருந்தும் குடும்பங்களை இவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்தன. எனவே சிப்காட்டை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் கிடைத்த ரேசர் தஞ்சாவூரில் வாங்கியதாகவோ திருச்சூரில் வாங்கியதாகவோ இருக்கலாம். அது இவ்வூரின் வரலாற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

பழைய குடிகள் தொடர்ந்து வாழும் கிருஷ்ணகிரி நகரம், தேன்கனிக்கோட்டை, தளி, மத்திகிரி ஆகிய இடங்களின் வீடுகளில் கிடைப்பவை வேறு வகை. இவற்றுக்கு அருகில் மேல்நாட்டுப் பொருள் வந்து இறங்கிய இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று, ஓசூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் 1809இல் உருவான பெங்களூர் கன்டோன்மென்ட். மற்றொன்று, ஜான் டெய்லர் நிறுவனம் 1880 முதல் சுரங்கம் நடத்திய கோலார் தங்கவயல். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்களாதலால், ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாவில் பயன்பட்டு ஒதுக்கப்பட்ட பொருள் எல்லையைக் கடந்து இப்பக்கத்து ஊர்களுக்கு வருவது இயல்பாகவே நிகழ்ந்திருக்கக் கூடும். ஆயினும் இவை வாய்ப்புகளே. கருவியின் உடலில் உள்ள சான்றுக்கு முன் இவை நிற்கா.

மறைந்திருக்கும் குறி

பெயரில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், கருவியை முழுவதும் கழற்றிச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மென்மையாகத் துலக்க வேண்டும். பல ஆண்டுச் சோப்புப் படிவு எழுத்துகளை அப்படியே மூடி மறைத்திருப்பது வழக்கம். உள்ளே துருப்பிடித்த பிளேடு சிக்கியிருந்தால் விரலால் இழுக்காமல் குறடு கொண்டு எடுக்க வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பதும், துலக்கும் பொடியைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. மேல்முலாம் தேய்ந்து போவதோடு, துத்தநாகக் கலவையால் ஆன பாகம் புளிப்பில் அரிக்கப்பட்டுவிடும். அலுமினியக் கைப்பிடிக்குச் சலவைச் சோடாவும் ஆகாது.

சுத்தமான பின், டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: அலகைத் தாங்கும் அடித்தட்டின் கீழ்ப்புறம், மேல்மூடியின் உட்புறம், கைப்பிடியும் தலையும் சேரும் கழுத்து, கைப்பிடியின் அடிமுனை. மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி தென்பட்டால், அக்கருவி பிரிட்டிஷ் அரசின் உடைமையாக, பெரும்பாலும் படைக்கு வழங்கப்பட்டதாக, இருந்தது என்று கொள்ளலாம். டி.ஆர்.ஜி.எம். என்ற ஜெர்மானிய எழுத்துகள் பயன்பாட்டு வடிவப் பதிவைக் குறிப்பவை. அம்முறை 1891இல் தொடங்கியது. டி.ஆர்.பி. என்பது ஜெர்மானியப் பேரரசின் காப்புரிமை. அரசு மாறிய பின், 1949க்குப் பிற்பட்ட பொருள்களில் டி.பி.பி. என்ற குறி அதன் இடத்தைப் பிடித்தது. மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்டது என்ற பொறிப்பு 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. பிரிட்டிஷ் காப்புரிமை எண்ணில் ஒரு நுட்பம் உண்டு: 1916க்கு முன் ஒவ்வோர் ஆண்டும் எண் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கியதால் எண்ணோடு ஆண்டும் சேர்த்தே எழுதப்பட்டது, 1916 முதல் ஒரு லட்சத்துக்கு மேல் தொடர் எண்ணாக ஓடியது. அடித்தட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் அதனருகே 1 முதல் 4 வரையிலான ஓர் எண்ணும் மட்டும் இருந்தால், அது அமெரிக்கக் கில்லெட் நிறுவனத்தின் ஆண்டு, காலாண்டுக் குறியாக இருக்கலாம். ஐம்பதுகளில் ஏ என்பது 1955ஐயும் டி என்பது 1958ஐயும் குறித்தன.

காப்புரிமை எண் ஒரு முன் வரம்பு மட்டுமே. உரிமை பெற்ற வடிவம் பல ஆண்டுகள் அதே எண்ணோடு வார்க்கப்பட்டது என்பதை மறந்து, எண் வழங்கப்பட்ட ஆண்டையே கருவியின் ஆண்டாக எழுதிவிடுவது பழம்பொருள் விற்போரிடம் காணப்படும் பொதுவான பிழை. அது எப்போதும் விலையைக் கூட்டும் திசையிலேயே நிகழ்கிறது.

தலையின் அமைப்பு

வடிவத்தைப் படிப்பதற்கு வரலாற்றின் சில கணுக்களைத் தெரிந்துகொண்டால் போதும். 1880இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் உருவாக்கிய ஸ்டார் ரேசர், மடக்குக் கத்தியின் சிறு துண்டைப் போன்ற, ஒருபுறம் மட்டும் கூருள்ள தடித்த அலகைக் கொண்டது; அந்த அலகை மீண்டும் மீண்டும் தீட்ட வேண்டியிருந்தது. தீட்டாமல் எறிந்துவிடக்கூடிய மெல்லிய இருபுறக் கூர் அலகை கிங் கேம்ப் கில்லெட் முன்வைத்தார். அவர் 1901இல் விண்ணப்பித்த காப்புரிமை 1904 நவம்பர் 15 அன்று வழங்கப்பட்டது. மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்திக் கூராக்கும் வழியை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் கண்ட பின்னரே அக்கருவி சந்தைக்கு வந்தது. விற்பனை தொடங்கிய 1903இல் விற்றவை வெறும் 51 ரேசர்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்காக ஏறத்தாழ 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் கூடவே கொண்டுசென்றனர்.

கில்லெட்டின் அடிப்படைக் காப்புரிமை 1921இல் முடிவுற்றது என்பதே பெயரில்லாத ரேசரைப் பொறுத்தவரை மிக முக்கியமான நிகழ்ச்சி. அதன் பின்னரே மூன்று துண்டு ரேசரை, அதாவது மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழலும் வகையை, யார் வேண்டுமானாலும் தடையின்றிச் செய்யும் நிலை வந்தது. பெயர் போடாமல் செய்து, விற்பவரின் பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழிலும் அதன் பின் பெருகியது. ஆகவே மூன்று துண்டாகக் கழலும் பெயரற்ற ரேசர் கையில் வந்தால், வேறு சான்று கிடைக்கும் வரை அதை 1921க்குப் பிற்பட்டதாகக் கொள்வதே பாதுகாப்பானது.

அடுத்த கணு 1930. அதுவரை அலகில் மூன்று வட்டத் துளைகளே இருந்தன. நடுத்துளையில் திருகும், இருபுறத் துளைகளில் மேல்மூடியின் இரு முளைகளும் நுழைந்தன. ஹென்றி கெய்ஸ்மன் என்பவரது புரோபாக் அலகைச் சார்ந்து எழுந்த வழக்கும் அதைத் தொடர்ந்து 1930இல் நடந்த இணைப்பும், நடுவில் நீண்ட துளைப்பள்ளம் கொண்ட அலகைப் பொதுவழக்காக்கின. இன்று கடையில் கிடைக்கும், ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அலகு அதன் வழித்தோன்றலே. இது இரு வகை ரேசரிலும் பொருந்துமாறு அமைந்திருப்பதால், இன்றைய பிளேடு பொருந்துகிறது என்பது எதையும் நிறுவாது. தலைகீழாகக் கேட்க வேண்டும்: மூன்று துளை அலகு இதில் உட்காருமா? அலகின் நடுவே நீளவாக்கில் நுழையும் மேடோ தண்டோ அடித்தட்டிலோ மேல்மூடியிலோ இருந்தால், மூன்று துளை அலகு அங்கே படியாது. அக்கருவி 1930க்கு முற்பட்டதாக இருப்பதற்கு இடமில்லை. இரு முளைகளும் திருகும் மட்டும் இருந்தாலோ ஒன்றும் முடிவாகாது, ஏனெனில் அவ்வடிவம் இன்றும் செய்யப்படுகிறது.

கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் மேல்மூடி இரு கதவுகளாக விரியும் வகை, 1934இல் கில்லெட் வெளியிட்ட அரிஸ்டோகிராட் ரேசரோடு பரவியது. அவ்வகைக்கு முன் வரம்பு அதுவே. சீப்புப்பல் கொண்ட அடித்தட்டு பழையது, நேர்விளிம்பு கொண்டது புதியது என்ற பொதுநம்பிக்கையில் பாதி உண்மையே உள்ளது. நேர்விளிம்புத் தட்டு முப்பதுகளில் பரவி, 1938இல் வந்த கில்லெட் டெக் ரேசரால் நிலைபெற்றது என்பது சரி. ஆனால் சீப்புப்பல் தட்டை ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் அதன் பின்னும் கைவிடவில்லை. எனவே நேர்விளிம்பு தரும் சான்று ஓரளவு பயன்படும். சீப்புப்பல் தரும் சான்று பயன்படாது.

உலோகத்தைப் படித்தல்

உலோகத்தை இனங்காண மூன்று சோதனைகள் போதும்: காந்தம், எடை, உற்பத்தித் தழும்பு. காந்தம் வலுவாக ஒட்டினால் எஃகு. பித்தளையின் மேல் நிக்கல் முலாம் பூசிய பாகத்திலும், ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற வலிய காந்தம் மெல்லிய இழுப்பைக் காட்டக்கூடும், ஏனெனில் நிக்கலும் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமே. அதைக் கொண்டு எஃகு என்று முடிவு செய்யலாகாது. உலகப் போர்க்காலங்களில் பித்தளை தோட்டா உறைக்குத் தேவைப்பட்டதால், இரண்டாம் போரின்போது எஃகு, பிளாஸ்டிக் முதலிய மாற்றுப் பொருள்களால் ஆன பாகங்கள் கூடின. ஒரு பாகம் மட்டும் எஃகாக இருப்பது போர்க்காலத்தை நினைவூட்ட வேண்டும், ஆனால் அதை நிறுவாது.

பித்தளையையும் துத்தநாகக் கலவையையும் பிரித்தறிய அடர்த்தியை அளப்பதே சிறந்த வழி. நகைக்கடைக்காரர் பயன்படுத்தும், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் மின்தராசு இதற்குப் போதும். முதலில் மேல்மூடியைத் தனியே எடைபோட வேண்டும். பின்னர் ஒரு குவளை நீரைத் தராசின் மீது வைத்துச் சுழியாக்கி, மேல்மூடியை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுதும் அமிழ்த்திப் பிடித்தால், தராசு காட்டும் எண் அப்பாகம் விலக்கிய நீரின் எடையாகும். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 18.50 கிராம் எடையுள்ள மூடி 2.18 கிராம் நீரை விலக்கினால் விடை 8.49, அது பித்தளை; 2.78 கிராம் நீரை விலக்கினால் 6.65, அது துத்தநாகக் கலவை. அலுமினியம் 2.7ஐ ஒட்டியும், எஃகு 7.8ஐ ஒட்டியும் நிற்கும். கைப்பிடியை இவ்வாறு அளப்பது ஏமாற்றும், ஏனெனில் பெரும்பாலான கைப்பிடிகள் உள்ளீடற்ற குழாய்கள். உள்ளே சிறைப்பட்ட காற்று பித்தளையையும் அலுமினியம் போலக் காட்டிவிடும்.

துத்தநாகக் கலவை என்று தெரிந்தால் உற்பத்தித் தழும்பையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தும் டை காஸ்டிங் முறையில், அச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் மெல்லிய கோடும், பாகத்தை வெளித்தள்ளும் ஊசிகளின் வட்டத் தடங்களும், உலோகம் நுழைந்த வாயை உடைத்து அராவிய தழும்பும் எஞ்சும். இவை மூடியின் உட்புறத்தில் நன்கு தெரியும். தகட்டைப் பிரஸ்ஸில் அடித்துச் செய்த பாகத்தில் கனம் எங்கும் ஒன்றாக இருக்கும். வெட்டிய விளிம்பின் ஒரு பக்கம் மழுங்கியும் மறு பக்கம் பிசிறோடும் நிற்கும். தொடக்ககால டை காஸ்டிங் துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசுகள் கலந்திருந்தமையால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வலைப்பின்னலாக வெடித்து, இறுதியில் பிஸ்கட் போல உதிர்ந்துபோகும். மிகத் தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட கலவைகள் 1920களின் இறுதியில் வந்தபின் இக்குறை நீங்கியது. வெடிப்பில்லாத, இறுக்கமான, கூரிய விளிம்புடைய துத்தநாக வார்ப்பு பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே. இந்தியச் சந்தையில் மலிவுவிலை ரேசராகப் புழங்கிய பெயரற்றவை பெரும்பாலும் இவ்வகையில் அடங்கும்.

கைப்பிடி கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருந்து, கட்டைவிரலால் வேகமாகத் தேய்க்கும்போது கார்பாலிக் வாசனை எழுந்தால் அது பேக்கலைட். லியோ பேக்லண்ட் அதை உலகுக்கு அறிவித்தது 1909இல். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும், ஏனெனில் செல்லுலாய்டு குபீரெனத் தீப்பற்றும் பொருள்.

மரையின் சான்று

கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் திருகின் மரை, பட்டறைத் தமிழில் திரெட், எந்த அளவுமுறையைச் சேர்ந்தது என்று பார்ப்பது இவ்வட்டாரத்தாருக்கு இயல்பாகத் தோன்றும் சோதனையாகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐந்து மில்லிமீட்டரை ஒட்டிய விட்டத்தில் மூன்று வேறு மரைகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியைக் கொண்டவை: மெட்ரிக் எம்5 மரையின் விட்டம் 5.00 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.80, அங்குல முறையில் பத்தாம் எண், அங்குலத்துக்கு 32 புரி கொண்டதன் விட்டம் 4.83, இடைவெளி 0.794, பிரிட்டிஷ் நுண்கருவிகளில் வழங்கிய 2 பி.ஏ. மரையின் விட்டம் 4.70, இடைவெளி 0.81. ரேசரின் திருகில் ஆறேழு புரிகளே இருப்பதால் பிட்ச் கேஜ் மூன்றிலும் ஒரே போல் உட்கார்ந்து, பார்ப்பவரை ஏமாற்றும். மைக்ரோமீட்டரால் விட்டத்தை அளந்து, தேய்மானத்துக்கு இடங்கொடுத்து, இயன்றால் கருவிக்கூடத்து ப்ரொஜெக்டரில் புரியின் கோணத்தையும் பார்க்க வேண்டும்: முதலிரண்டும் 60 பாகை, பி.ஏ. மட்டும் 47.5 பாகை. பி.ஏ. என்று உறுதியானால் பிரிட்டிஷ் மரபில் பயின்ற பட்டறை ஒன்றின் வேலை என்று கொள்ளலாம். அது பிரிட்டனிலும் இருந்திருக்கலாம், மெட்ரிக் முறைக்கு மாறும் முன்னைய இந்தியாவிலும் இருந்திருக்கலாம். மெட்ரிக் என்று உறுதியானால் காலம் பற்றி எதுவும் கிடைக்காது, ஏனெனில் ஐரோப்பிய நாடுகள் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளன.

மரைகள் இவ்வளவு நெருங்கியிருப்பதன் மற்றொரு விளைவு, ஒரு ரேசரின் கைப்பிடி இன்னொன்றின் தலையில் முரண்டு பிடித்தாவது ஏறிவிடும் என்பது. காயலான் கடைகளிலும் பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் கிடைப்பவற்றுள் இத்தகைய கலப்பு மணங்கள் ஏராளம். திருகும்போது முதலிரண்டு சுற்றுகளில் தளர்ந்தும் பின்னர் இறுகியும் போனால், இரு பாகங்களையும் தனித்தனிக் கருவிகளாகவே கருதித் தனித்தனியே காலம் கணிக்க வேண்டும்.

முலாம்

நிக்கல் முலாம் சற்றே மஞ்சள் சாயல் கொண்ட இதமான வெண்மை. குரோமியம் நீலச் சாயல் கொண்ட குளிர்ந்த வெண்மை. இரண்டையும் வெள்ளைத் தாளின் மீது அருகருகே வைத்துப் பகல் ஒளியில் பார்த்தால் ஐயம் எழாது. வணிக அளவில் குரோமிய முலாம் இருபதுகளின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவியதால், குரோமியம் பூசிய ரேசர் அதற்கு முற்பட்டதன்று. ஆனால் முலாம் மீண்டும் பூசப்பட்டிருக்கலாம்; பிளேட்டிங் பட்டறைகள் நிறைந்த ஊரில் இந்த ஐயம் கூடுதலாகவே எழ வேண்டும். அரிப்புக் குழிகள் பளபளப்புக்கு அடியில் தெரிவது, விரல் வழுக்காதிருக்கப் போடும் நர்லிங் வரிகளின் முனை மழுங்கியிருந்தும் முலாம் மட்டும் தேயாமல் முழுமையாக இருப்பது, அடித்தட்டின் விளிம்பு பாலிஷ் சக்கரத்தில் உருண்டுபோயிருப்பது ஆகியவை மறுமுலாமின் அடையாளங்கள். அத்தகைய கருவியில் முலாமைச் சான்றாகக் கொள்ளவே கூடாது.

பெட்டியும் காகிதமும்

ரேசரோடு அதன் பெட்டியோ அட்டையோ விலைச்சீட்டோ கிடைத்தால், உலோகம் முழுவதும் சொல்லாததை அக்காகிதம் சொல்லிவிடும். விலை ரூபாய், அணா, பை என்று மூன்று பகுதியாக எழுதப்பட்டிருந்தால் 1957 ஏப்ரல் 1க்கு முற்பட்டது, அல்லது அந்நாளை ஒட்டியது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்குரிய இன்றைய குறியீடு 2010இல் ஏற்கப்பட்டது.

முகவரியே காலத்தைக் காட்டும் கருவியாக அமைவது எல்லைப்புற ஊர்களுக்கு வாய்த்த நற்பேறு. ஓசூர் அல்லது கிருஷ்ணகிரிக் கடையின் ரப்பர் முத்திரையில் 'சேலம் ஜில்லா' என்றிருந்தால், தர்மபுரி மாவட்டம் உருவான 1965 அக்டோபர் 2க்கு முற்பட்டது. 'தர்மபுரி மாவட்டம்' என்றிருந்தால் அந்நாளுக்கும் 2004 பிப்ரவரி 9க்கும் இடைப்பட்டது. 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்றிருந்தால் அதற்கும் பின்பு. 'சென்னை ராஜ்யம்' அல்லது 'மதராஸ் மாநிலம்' என்ற பெயர் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆயிற்று. எல்லைக்கு அப்பால் வாங்கிய பொருளாயின், 'மைசூர் மாநிலம்' என்பது 1973 நவம்பர் 1க்குப் பின் கர்நாடகம் ஆனதையும், ஆங்கில எழுத்தில் 'பெங்களூர்' என்பது 2014 நவம்பர் 1இல் 'பெங்களூரு' ஆனதையும் ஒப்பிட வேண்டும். கடைக்காரர்கள் பழைய முத்திரையை மை தீரும் வரை பயன்படுத்துவர் என்பதால் பின் வரம்புக்குச் சில ஆண்டுகள் கூடுதலாக இடங்கொடுப்பது நன்று; முன் வரம்புக்கு அந்தச் சலுகை தேவையில்லை. முத்திரை தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒருங்கே இருந்தால் அது இவ்வட்டாரக் கடை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உள்ளே எஞ்சிய பிளேடு கடைசியாக நடந்த சவரத்துக்குச் சாட்சியே அன்றி, கருவி பிறந்த காலத்துக்குச் சாட்சி அன்று. கல்கத்தாவின் ஹர்பன்ஸ்லால் மல்ஹோத்ரா நிறுவனத்துப் பனாமா அல்லது டோபாஸ் பிளேடு இருப்பதால் ரேசரும் இந்தியாவில் செய்யப்பட்டது என்று ஆகாது. ராஜஸ்தானின் பிவாடி ஆலையில் செய்த 7 ஓ'கிளாக் பிளேடு இருந்தால், 1980களின் நடுப்பகுதிக்குப் பின்னும் அக்கருவி புழக்கத்தில் இருந்தது என்பது மட்டும் உறுதி.

பதிவு செய்தல்

கண்டவற்றை எழுதும்போது ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே குறித்து, எந்தக் கூறு எந்த வரம்பைத் தந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, பித்தளைத் தகட்டில் அடித்த நேர்விளிம்பு அடித்தட்டு, துத்தநாக வார்ப்பு மேல்மூடி, சுரண்டாத பழைய நிக்கல் முலாம், 'சேலம் ஜில்லா' முத்திரையும் அணாவில் விலையும் உள்ள அட்டைப்பெட்டி ஆகியவை ஒன்றாகக் கிடைத்தால், '1930களின் நடுப்பகுதிக்கும் 1957க்கும் இடைப்பட்டது. செய்தவர் பெயர் தெரியவில்லை. பெட்டியும் கருவியும் ஒன்றையொன்று சேர்ந்தவை எனக் கொண்டால் மட்டும் பின் வரம்பு பொருந்தும்' என்று எழுதுவதே நேர்மையான பதிவு. இப்பெட்டியைத் தனியே வைத்துவிட்டுக் கருவியை மட்டும் பார்த்தால் பின் வரம்பு திறந்தே கிடக்கும், ஏனெனில் அதே வடிவத்தை ஒரு சி.என்.சி. கடையில் இன்று பிற்பகலிலேயே கடைந்து முடித்துவிடலாம். அவ்வாறு செய்த புதுப் பாகத்தில், உருப்பெருக்கியில் பார்த்தால் கருவித்தடங்கள் இசைத்தட்டின் வரிகளைப் போலச் சீரான இடைவெளியில் ஓடும். பழைய லேத்தில் கைப்பழக்கத்தால் ஓட்டிய கடைசலில் அவ்வொழுங்கு இராது.

வரிசை எண்ணையோ ஆண்டையோ உலோகத்தில் கீறி எழுதலாகாது. அமிலமில்லாத தாள் துண்டில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலால் கைப்பிடியின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். நாளை வேறு சான்று கிடைத்து வரம்பு மாறினால், பழைய சீட்டைக் கிழிக்காமல் அதனோடு புதிய சீட்டையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.